நாய், பூனைக்கு ஆபரேஷனா? தையல் போட்ட பிறகுதான் கவனம் தேவை! பக்கத்தில் இருக்க வேண்டியது யார்?

வீட்டு நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் என்று தேதி குறித்தாகிவிட்டது. கிளினிக்கில் வழக்கமாகக் கேட்பது மூன்று கேள்விகள். எவ்வளவு ஆகும்? எந்த டாக்டர் பண்ணுவார்? சாயங்காலம் எத்தனை மணிக்கு வந்து கூட்டிட்டுப் போகலாம்? யாரும் அதிகம் கேட்காத நாலாவது கேள்வி ஒன்று இருக்கிறது. தையல் போட்டு முடித்த பிறகு, அது தலை தூக்கி உட்காரும் வரை பக்கத்தில் யார் இருப்பார்கள்?

இந்த வேலைக்கென்றே படித்து, பயிற்சி எடுத்தவர்களை 'வெட்னரி நர்ஸ்' என்கிறார்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இது தனித் தொழில். நம்ம ஊரில் இந்த வேலையை யார் செய்கிறார்கள், அது ஏன் உயிர் போகிற விஷயம், செல்லப்பிராணி வளர்ப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்று பார்ப்போம்.

'ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது, அப்புறம் எப்படி?'

நாயையோ பூனையையோ ஆபரேஷனுக்குப் பிறகு இழந்தவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. டாக்டர் வெளியே வந்து 'எல்லாம் நல்லா முடிஞ்சுது' என்று சொல்லியிருப்பார். அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கும். அதற்குப் பிறகு நடந்ததுதான் பிரச்சினை.

இதற்கு ஆதாரமான பெரிய ஆய்வு பிரிட்டனில் நடந்தது. 2002 முதல் 2004 வரை 117 கால்நடை மருத்துவ மையங்களில் மயக்க மருந்து கொடுக்கப்பட்ட 98,036 நாய்களையும் 79,178 பூனைகளையும் கணக்கில் எடுத்தார்கள். முயல் போன்ற சிறு பிராணிகளும் பட்டியலில் இருந்தன. மயக்கம் கொடுத்ததில் இருந்து 48 மணி நேரத்துக்குள் நடந்த இறப்புகளை ஆராய்ந்து, ஆபரேஷனோ ஏற்கெனவே இருந்த நோயோ மட்டும் காரணமாக இல்லாதவற்றைத் தனியாகப் பிரித்தார்கள். 2008-ல் முடிவு வெளியானது. மயக்க மருந்து தொடர்பான இறப்பு நாய்களில் 601-க்கு ஒன்று, பூனைகளில் 419-க்கு ஒன்று, முயல்களில் 72-க்கு ஒன்று.

இதைப் படித்துவிட்டு ஆபரேஷனையே தள்ளிப் போட வேண்டாம். ஆரோக்கியமான நாய்களை மட்டும் பார்த்தால் அந்தக் கணக்கு 1,849-க்கு ஒன்று என்று இறங்கிவிடுகிறது. ஏற்கெனவே நோய்வாய்ப்பட்ட நாய்களில்தான் 75-க்கு ஒன்று. கருத்தடைக்குப் போகும் இளம் நாய் முதல் வகையைச் சேர்ந்தது.

ஆனால் அந்த ஆய்வில் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொரு கணக்கு. இறந்த நாய்களில் 47 சதவீதமும் பூனைகளில் 61 சதவீதமும் ஆபரேஷன் டேபிளில் இறக்கவில்லை. ஆபரேஷன் முடிந்த பிறகு இறந்தன. அதிலும் பெரும்பாலானவை முதல் மூன்று மணி நேரத்துக்குள்.

காரணம் புரியாத விஷயம் கிடையாது. ஆபரேஷன் நடக்கும்போது டாக்டர், உதவியாளர், மானிட்டர் என எல்லாக் கண்களும் அந்த ஒரு உயிர் மேல் இருக்கின்றன. தையல் முடிந்ததும் ஆக்சிஜனை நிறுத்தி, டியூப்பை எடுத்து, கூண்டில் படுக்க வைத்துவிட்டு அடுத்த கேஸுக்குப் போய்விடுகிறார்கள். கூண்டில் இருப்பது தூங்குகிறதா, மூச்சுத் திணறுகிறதா என்று தூரத்தில் இருந்து பார்த்தால் தெரியாது. இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அந்த மூன்று மணி நேரத்தில் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

முதலில் மூச்சு. மயக்கத்தில் இருக்கும்போது மூச்சுக்குழாய்க்குள் ஒரு டியூப் இருக்கிறது. விழுங்கும் உணர்வு திரும்பியதும் அதை எடுப்பார்கள். எடுத்த பிறகு தொண்டை, நாக்கு, அண்ணத்தின் தசைகள் எல்லாம் இன்னும் தளர்ந்தே இருக்கும். பக், ஷிட்சு, பிரெஞ்சு புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு இது கண்டம். விழித்திருக்கும்போதே குறட்டை மாதிரி மூச்சு விடுகிற இனங்கள் இவை. அரை மயக்கத்தில் அண்ணம் சரிந்து வழியை அடைத்தால் சில நிமிடங்களில் நிலைமை கைமீறிவிடும். அதனால் இந்த வகை நாய்களுக்கு டியூப்பை முடிந்தவரை தாமதமாக எடுக்க வேண்டும். தலையைத் தூக்கி, டியூப்பைக் கடிக்க ஆரம்பிக்கும் வரை விட்டுவைப்பது பாதுகாப்பு. அதுவரை ஒரு ஆள் தாடையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தப் பதினைந்து, இருபது நிமிடத்துக்கு பில்லில் தனி வரி கிடையாது.

அடுத்தது குளிர். 'சென்னை வெயிலில் குளிரா?' என்று தோன்றலாம். ஏசி அறை, முடி மழித்த வயிறு, அதன் மேல் ஸ்பிரிட், திறந்திருக்கும் உடம்பு, நடுங்கக்கூட விடாத மயக்கம் எல்லாம் சேர்ந்தால் எந்த ஊராக இருந்தாலும் உடம்பு சில்லிட்டுவிடும். நாய், பூனையின் இயல்பான வெப்பம் நம்மை விட அதிகம், ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். ஆபரேஷன் முடியும்போது அது 98-க்குக் கீழே இறங்குவது அபூர்வமில்லை. உடம்பு குளிர்ந்தால் மருந்து மெதுவாகத்தான் வெளியேறும், மயக்கம் தெளிவதும் தாமதமாகும், இதயத் துடிப்பும் குறையும். பூனை, குட்டிகள், சின்ன நாய்கள், கொழுப்பே இல்லாத ஒல்லியான சிப்பிப்பாறை போன்றவை சீக்கிரம் சில்லிட்டுவிடும்.

சூடு வைப்பதிலும் ஆபத்து இருக்கிறது. வெந்நீர் பாட்டிலை நேரடியாக உடம்பில் ஒட்டி வைத்தால், மயக்கத்தில் உள்ள பிராணியால் விலகிப் படுக்க முடியாது. இரண்டு நாள் கழித்துத்தான் தோல் வெந்திருப்பது தெரியவரும். துண்டில் சுற்றி வைப்பதும், அடிக்கடி கை வைத்துப் பார்ப்பதும், தெர்மாமீட்டரில் வெப்பத்தைக் குறித்துக்கொண்டே வருவதும் நர்ஸ் வேலையின் அடிப்படைப் பாடம்.

மூன்றாவது ரத்தக் கசிவு. வயிற்றுக்குள் கட்டிய ரத்தக்குழாய் முடிச்சு ஒன்று நழுவினால் வெளியே ஒரு சொட்டுகூட வராது. ஈறு வெளுக்கும், நாடி வேகமாகவும் மெலிதாகவும் ஓடும், நாய் எழுந்திருக்கவே மனமில்லாதது போலக் கிடக்கும். 'இன்னும் மயக்கம் தெளியலை' என்று இதைத் தவறாக எடுத்துக்கொள்வது ரொம்ப சுலபம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நாடியையும் ஈறின் நிறத்தையும் எழுதி வைத்திருந்தால், 110, 130, 150 என்று துடிப்பு ஏறிக்கொண்டே போவது தாளிலேயே தெரிந்துவிடும். ஒரே ஒரு தடவை பார்ப்பவருக்கு அது தெரியாது.

மானிட்டர் இருந்தால் போதாதா?

நாக்கில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும். ரொம்ப உதவியான கருவிதான். ஆனால் நாக்கு உலர்ந்தாலும், கிளிப் நழுவினாலும், உடம்பு குளிர்ந்து ரத்த ஓட்டம் குறைந்தாலும் அது தப்பாகக் காட்டும், அல்லது காட்டாமலே போகும். 'மெஷின் சரியில்லை' என்று சொல்லிவிட்டுத் தட்டிப் பார்ப்பதா, நாயைப் பார்ப்பதா? பயிற்சி பெற்றவர் முதலில் தொடையின் உள்பக்கம் விரல் வைத்து நாடி பார்ப்பார், ஈறை அழுத்தி நிறம் இரண்டு நொடிக்குள் திரும்புகிறதா என்று பார்ப்பார். அப்புறம்தான் மெஷின்.

பிரிட்டன் ஆய்வின் பூனைக் கணக்கும் இதையே காட்டுகிறது. நாடியைக் கவனித்து, ஆக்சிமீட்டரும் போட்டிருந்த பூனைகளில் இறப்பு அபாயம் குறைவாக இருந்தது. இத்தனைக்கும் இவை விலை அதிகமான தொழில்நுட்பம் எதுவும் இல்லை. ஒரு விரலும், ஒரு சின்னக் கிளிப்பும்தான்.

வெட்னரி நர்ஸ் என்பவர் யார்?

பிரிட்டனில் 1961-லேயே இதற்கான முறையான பயிற்சி தொடங்கிவிட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'நர்ஸ்' என்ற சொல் மனிதர்களைக் கவனிப்பவர்களுக்கு மட்டுமே உரியது என்று அப்போது சட்டம் இருந்ததால், 'பதிவு பெற்ற விலங்கு நர்சிங் உதவியாளர்' என்று சுற்றி வளைத்துத்தான் பெயர் வைத்தார்கள். 'வெட்னரி நர்ஸ்' என்று அழைத்துக்கொள்ள 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று அங்கே அவர்களுக்கெனப் பதிவேடு இருக்கிறது. தவறு செய்தால் விசாரணையும் உண்டு. எந்த மயக்க மருந்து, எவ்வளவு என்று முடிவெடுப்பது டாக்டர். மயக்கத்தில் இருக்கும் பிராணியைக் கண்காணிப்பதும், தெளியும் வரை உடனிருப்பதும் பெரும்பாலும் நர்ஸ்.

இந்தியாவில் நிலைமை வேறு. 1984-ம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற டாக்டர்தான் கால்நடை மருத்துவம் செய்யலாம். பட்டயம் அல்லது சான்றிதழ் பெற்ற உதவி நிலைப் பணியாளர்கள், மாநில அரசு அனுமதிக்கும் சிறு சிகிச்சைகளை டாக்டரின் மேற்பார்வையில் செய்யலாம் என்று அதே சட்டத்தின் 30-வது பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் அரசுத் துறையில் கால்நடை ஆய்வாளர், கால்நடை பராமரிப்பு உதவியாளர் போன்ற பணியிடங்கள் இருக்கின்றன. இந்த அமைப்பு மாடு, ஆடு, கோழியை மனதில் வைத்து உருவானது. தடுப்பூசி, காயத்துக்குக் கட்டு, சினை ஊசி போன்றவைதான் அவர்களது அன்றாடம். நகரத்து கிளினிக்கில் ஒரு பூனை மயக்கம் தெளியும்போது பக்கத்தில் உட்காருவது யாருடைய வேலை என்பதற்கு இதில் தெளிவான பதில் இல்லை.

அதனால் தனியார் கிளினிக்குகளில் இந்தப் பொறுப்பு பெரும்பாலும் 'கம்பவுண்டர்' என்று அழைக்கப்படும் உதவியாளரிடம் போய்ச் சேர்கிறது. அவர்களில் பலர் வருடக்கணக்கான அனுபவத்தில் ஈறின் நிறத்தைப் பார்த்தே ஆபத்தைச் சொல்லிவிடும் திறமைசாலிகள். அதே ஆள்தான் பில் போடுகிறார், கூண்டு கழுவுகிறார், போன் எடுக்கிறார், அடுத்த நாயைப் பிடித்துக்கொள்கிறார் என்பதுதான் சிக்கல். திறமை இருந்தும் நேரம் இல்லையென்றால், கூண்டில் இருக்கும் உயிருக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

ஒரு தாளும் பேனாவும்

மனிதர்களுக்கான ஆபரேஷன்களில் உலக சுகாதார நிறுவனம் 2008-ல் ஒரு செக்லிஸ்ட்டைக் கொண்டு வந்தது. டெல்லி உட்பட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்ததில் இறப்பு 1.5 சதவீதத்தில் இருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததாக 2009-ல் வெளியான ஆய்வு சொன்னது. கால்நடை மயக்கவியல் நிபுணர்களும் அதே பாணியில் தங்களுக்கென்று ஒன்றைத் தயாரித்துக்கொண்டார்கள்.

அதில் இருக்கும் கேள்விகளைப் பார்த்தால் 'இதைக்கூடவா எழுதி வைக்கணும்?' என்று தோன்றும். மேஜையில் இருப்பது சரியான பிராணிதானா? எந்த ஆபரேஷன், எந்தக் கால்? மயக்க மெஷினின் வால்வு திறந்திருக்கிறதா?

இந்த வால்வு விஷயத்தைக் கொஞ்சம் விளக்கலாம். மயக்க வாயு மெஷினில், மிஞ்சும் வாயு வெளியேற 'பாப்-ஆஃப் வால்வு' என்று ஒன்று இருக்கும. பை ஊதிப் பார்க்கவோ, கையால் ஒரு மூச்சு கொடுக்கவோ அதை ஒரு நிமிடம் மூடுவார்கள். திரும்பத் திறக்க மறந்துவிட்டால் வாயு போக வழியின்றி நுரையீரலில் அழுத்தம் ஏறும், இதயத்துக்கு ரத்தம் திரும்பாது. நல்ல ஆரோக்கியமான நாய்கூட சில நிமிடங்களில் இறந்துவிடும். மயக்கவியல் படிக்கும் எல்லோருக்கும் தெரிந்த பிழை இது. தெரிந்தவர்களுக்கும்தான் நடக்கிறது. அறிவு இல்லாமல் நடப்பதில்லை, யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்பிப் பார்த்த அந்த ஒரு நொடியில் நடக்கிறது. அதனால்தான் அதை இன்னொருவர் சத்தமாகக் கேட்க வேண்டும் என்று வைத்தார்கள்.

வயிற்றை மூடும் முன் பஞ்சுத் துணிகளை எண்ணுவதும் இதே வகைதான். 10 எடுத்தால் 10 திரும்பி வர வேண்டும். எண்ணுகிறவர் ஜூனியராக இருந்து, கணக்கு இடித்தால், 'டாக்டர், ஒண்ணு குறையுது' என்று சொல்லும் தைரியம் அவருக்கு இருக்க வேண்டும். அதைக் கேட்டு எரிந்து விழாத டாக்டரும் வேண்டும்.

மருந்தில் ஒரு புள்ளி தவறினால்

மனிதர்களில் பெரியவர்களுக்குப் பல மருந்துகள் 'ஒரு மாத்திரை' கணக்கு. பிராணிகளுக்கு எல்லாமே கிலோ கணக்கு. 2 கிலோ பொமரேனியன் குட்டியும் 40 கிலோ ராட்வைலரும் ஒரே காலையில் ஒரே அறைக்கு வருகின்றன. 0.2 மில்லி என்பது 2 மில்லி ஆகிவிட்டால் பத்து மடங்கு. அதனால் உத்தேச எடை ஆகவே ஆகாது, அன்றைக்குக் காலையில் தராசில் நிறுத்திய எடைதான் வேண்டும். சிரிஞ்சில் ஏற்றிய மருந்தின் பெயரை அதன் மேலேயே ஒட்டி வைக்க வேண்டும். நிறமில்லாத மூன்று மருந்து பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

சர்க்கரை நோய் உள்ள நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தியாவில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் வருவது 100 யூனிட். சிரிஞ்சும் தனித்தனி: சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். மெடிக்கலில் 'இது இல்ல, அதே மாதிரி இன்னொண்ணு' என்று கொடுத்தால், வாங்கும் முன் டாக்டரிடம் ஒரு போன் போட்டுவிடுங்கள்.

வீட்டில் செய்யும் தவறுகளில் உயிரையே எடுப்பது ஒன்று உண்டு. ஆபரேஷன் ஆன பூனை வலியில் முனகுகிறதே என்று பாராசிட்டமால் கொடுப்பது. அந்த மருந்தை உடைக்கும் வேதிவழி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. ஒரு 500 மில்லிகிராம் மாத்திரையே ஒரு பூனையைக் கொன்றுவிடும். ஈறு பழுப்பாக மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். முறிவு மருந்து இருக்கிறது, ஆனால் சீக்கிரம் போக வேண்டும். கொடுத்துவிட்டோமே என்று கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். எத்தனை மணிக்கு, எத்தனை மாத்திரை என்று சொல்லிவிடுங்கள். நாய்களுக்கும் இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் வேண்டாம். இரைப்பையில் புண்ணும் சிறுநீரக பாதிப்பும் வரும்.

ஆபரேஷனுக்கு முன் என்ன கேட்கலாம்?

சண்டை போடும் தொனியில் கேட்க வேண்டியதில்லை. 'மயக்கம் கொடுத்ததில் இருந்து கண் முழிக்கும் வரை யார் பார்த்துப்பாங்க?' என்று கேளுங்கள். நல்ல கிளினிக்கில் ஒரு பெயர் சொல்வார்கள், 'நாங்க எல்லாரும்தான்' என்று சொல்ல மாட்டார்கள். நாடி, மூச்சு, வெப்பத்தைத் தாளில் எழுதுவார்களா, முழுக்கத் தெளியும் வரை கையில் போட்ட ஐ.வி. லைனை விட்டுவைப்பார்களா என்றும் கேட்கலாம். அவசரத்தில் மருந்து ஏற்ற அந்த லைன்தான் வழி. அதை முதலில் பிடுங்கிவிடுவது ஒரு கெட்ட பழக்கம்.

உங்கள் பக்கமும் வேலை இருக்கிறது. முன்பு மயக்க மருந்துக்கு ஏதாவது ஆனதா, இப்போது என்ன மாத்திரை ஓடுகிறது, நேற்று வாந்தி எடுத்ததா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். எத்தனை மணியில் இருந்து சாப்பாடு நிறுத்த வேண்டும் என்று கேட்டு அதன்படி செய்யுங்கள். 'பாவம், பசிக்கும்' என்று காலையில் ரகசியமாகக் கொடுக்கும் இரண்டு பிஸ்கட், மயக்கத்தில் வாந்தியாகி நுரையீரலுக்குள் போகலாம். குட்டிகளை நீண்ட நேரம் பட்டினி போடவும் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். முயலுக்குப் பட்டினியே கூடாது. அதற்கு வாந்தி எடுக்கவே முடியாது, மாறாக குடல் ஓட்டம் நின்றால்தான் ஆபத்து.

சாயங்காலம் கூட்டிவரப் போகும்போது அது தானாக நிற்கிறதா, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதா என்று பாருங்கள். துணி மாதிரி துவண்டு கிடந்தால், 'வீட்டுக்குப் போனா சரியாயிடும்' என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டாம். இன்னும் ஒரு மணி நேரம் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லுங்கள், நீங்களும் உட்காருங்கள்.

முதல் ராத்திரி கட்டிலில், மாடிப்படிப் பக்கத்தில் விடாதீர்கள், தரையில் படுக்கை போடுங்கள். சாப்பாடு கொஞ்சமாகக் கொடுங்கள். தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டிய கூம்பை, பாவம் பார்த்துக் கழற்றாதீர்கள். ஈறு வெளுத்தாலோ, வயிறு உப்பினாலோ, தையலில் இருந்து ரத்தம் நிற்காமல் கசிந்தாலோ, மூச்சு விட சிரமப்பட்டாலோ, எழுப்பினால் எழாவிட்டாலோ விடியும் வரை காத்திருக்கக் கூடாது. கிளம்பும் முன்பே கிளினிக்கில் ராத்திரி எடுக்கும் போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கியதும் அங்கேயே நின்று ஒரு தடவை அடித்துப் பாருங்கள், யார் எடுக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.